வெற்றுக் குழாயில் நான்கு துகள்கள்

தும்மல் வந்தால் தும்மிவிடுங்கள் சார், அடக்க வேண்டாம். இந்த அறைக்கு வருகிற எல்லோருக்கும் முதல் அரைமணி நேரம் அப்படித்தான். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கக் காய்ந்த செடி. மூக்கு எப்படிச் சும்மா இருக்கும். முப்பத்தோரு வருடம் இங்கே குப்பை கொட்டியதில் எனக்கு மட்டும் பழகிவிட்டது. என் வாக்குமூலத்தை டைப் அடிக்கிற அந்த அம்மாவை ஜன்னல் பக்கம் உட்காரச் சொல்லுங்கள், கொஞ்சம் காற்று வரும்.

ஓட்டுநரின் செருப்பு விஷயத்துக்கு வருகிறேன். நான் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. ஆனால் அந்தச் செருப்பில் என்ன இருந்தது என்று சொல்வதற்கு முன்னால் சூரியகாந்திக் குடும்பத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். சூரியகாந்தி, சாமந்தி, கரிசலாங்கண்ணி, சாலையோரம் மண்டிக் கிடக்கிற பார்த்தீனியம், இவை எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் மகரந்தம் வெறும் கண்ணுக்கு மஞ்சள் பொடி. ஒரு மில்லிமீட்டருக்குள் முப்பது துகளை வரிசையாக நிறுத்தலாம். மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு தனி ஆள். உருண்டை உடம்பு, உடம்பெல்லாம் முள். ஒன்றுக்கு முள் நீளம், ஒன்றுக்குக் கட்டை, ஒன்றுக்கு அடி அகன்று நுனி ஊசி. சிலவற்றுக்கு முள்ளோடு வரப்பும் உண்டு, வரப்புகளுக்கு நடுவே பள்ளமும் உண்டு. முள்ளைக் காட்டினால் செடியின் பெயரைச் சொல்வேன். இந்த வேலையை இவ்வளவு தெளிவாகச் செய்ய இங்கே இன்னொருவர் கிடையாது. இது பெருமையடிப்பு இல்லை, நீதிமன்றமே எழுதி வைத்திருக்கிறது.

அந்தக் குடும்பத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு செடிகளின் மகரந்தத்தைப் படம் எடுத்து, அளந்து, ஒரு பெரிய படநூலாகப் போட்டேன். பத்தொன்பது வருட வேலை. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் அந்தப் புத்தகம்தான் பதில். லேப்பில் எனக்கு முள்ளு மேடம் என்று பட்டப்பெயர். என் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் எனக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாகச் சொல்வார்கள். நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

கல்குவாரிக்கு மேலே இருக்கிற சரிவில் ஒரு குட்டைச் செடி வளரும். சுண்டுவிரல் நகம் அளவு மஞ்சள் பூ. மழை விட்டதும் மூன்று வாரம் பூக்கும், பிறகு இருந்த இடம் தெரியாது. வேறெங்கும் அது இல்லை. அதை முதலில் பார்த்து எழுதியவள் நான். அதன் துகளில் ஆறு பள்ளம், வரப்பின் மேல் முட்கள் இரண்டிரண்டாக நிற்கும். வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது. இதைத்தான் நீதிமன்றத்திலும் சொன்னேன். இன்றைக்கும் இதே வார்த்தையைத்தான் சொல்வேன்.

அந்தச் சரிவில்தான், அந்தப் பூ பூத்திருந்த நாட்களில், சுகாதார நிலையத்து நர்ஸின் உடல் கிடந்தது. முப்பத்து நான்கு வயது. ஒரு லாரியில் அவள் ஏறியதை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். ஓட்டுநர், ஆமாம், ஏற்றினேன், மூன்று ரோடு முனையில் இறக்கிவிட்டேன் என்றான். இறக்கியதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. வழக்கு அங்கேயே நின்றுவிட்டது. அவன் செருப்பின் அடியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டி, பாதியை முத்திரை போட்டு வைத்துவிட்டு, மீதிப் பாதியை என்னிடம் அனுப்பினார்கள். மண்ணில் என் பூவின் மகரந்தம் இருந்தால் அவன் அந்த மூன்று வாரத்துக்குள் சரிவில் கால் வைத்திருக்கிறான். இல்லையென்றால் வழக்கு படுத்துவிடும்.

“அவன்தான் மேடம். எங்களுக்கு நல்லாத் தெரியும். உங்க பேப்பர் ஒன்னு வந்தாப் போதும்” என்றார் கேஸைப் பார்த்த இன்ஸ்பெக்டர். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. இருப்பதை எழுதுவேன், நீங்கள் கேட்பதை எழுத மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பினேன்.

இப்போது வேலை எப்படி நடக்கும் என்று கேளுங்கள். மண்ணைக் கழுவி, சலித்து, அமிலத்தில் கொதிக்க வைப்போம். குப்பையெல்லாம் கரைந்துவிடும், மகரந்தத்தின் ஓடு மட்டும் கரையாது. பிறகு குழாயைச் சுழல் இயந்திரத்தில் வைத்துச் சுற்றினால் ஓடுகள் அடியில் படியும். அந்த இயந்திரத்துக்கு ஒரு குணம். ஒரு குழாய் வைத்தால் நேர் எதிரே அதே எடையில் இன்னொரு குழாய் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேசையோடு சேர்ந்து ஆட்டம் போடும். எதிர்க் குழாயில் தண்ணீரை ஊற்றி வைப்பதுதான் முறை. இது போக, ஒன்றுமே போடாத வெற்றுக் குழாய் ஒன்றையும் அதே அமிலம், அதே கொதி, அதே சுற்று எல்லாம் கொடுத்துக் கடைசிவரை கொண்டுபோக வேண்டும். அதிலிருந்து எடுத்த ஸ்லைடில் ஒன்றும் இல்லையென்றால் நம் கை சுத்தம் என்று அர்த்தம்.

செருப்பு மண்ணை எடுத்த அன்றைக்கு, என் படநூலைப் போடுகிற பதிப்பகத்திலிருந்து காலையில் இரண்டு தடவை போன். வெள்ளிக்கிழமைக்குள் படங்கள் எல்லாம் வந்தாக வேண்டும் என்றார்கள். சரிவுப் பூவின் படம் மட்டும் எனக்குத் திருப்தியாக வரவில்லை, புதிதாக ஒரு தடவை தயார் செய்ய வேண்டியிருந்தது. எதிர்க் குழாயில் எதற்குச் சும்மா தண்ணீரைச் சுற்ற வேண்டும் என்று தோன்றியது. செருப்பு மண் குழாய்க்கு எதிரே என் பூவின் குழாயை வைத்தேன். வழக்குச் சாமானையும் நம் சொந்தச் சாமானையும் ஒன்றாக ஏற்றக் கூடாது. அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவளே நான்தான். ஆனால் முப்பது வருடம் அடுப்படியில் நிற்கிறவள் உப்பை அளந்தா போடுகிறாள். கை தெரிந்த வேலை.

மண்ணிலிருந்து எடுத்த ஸ்லைடில் என் பூவின் துகள் பதினொன்று இருந்தது. பதினொன்று என்று எழுதினேன். ஓட்டுநரைக் கூண்டில் ஏற்றினார்கள், என்னையும் எதிர்க் கூண்டில் ஏற்றினார்கள். அவன் வக்கீல் சின்னப் பையன் மாதிரி இருப்பார், ஆனால் நல்ல கேள்வி கேட்டார்.

“இந்தத் துகள் உங்க லேப்லயே ஒட்டியிருக்கலாம் இல்லீங்களா மேடம்?”

“என் லேப்பில் அப்படி நடந்ததில்லை” என்றேன். அன்றைக்கு நான் அறிந்தவரை அது உண்மை. வெளியே வந்தபோது நர்ஸின் அப்பா வராந்தாவில் நின்று என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் நின்று கைகூப்பினேன். நான் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்த வக்கீலின் கேள்வி மட்டும் பல்லில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் வெற்றுக் குழாயின் ஸ்லைடை எடுத்துப் பார்த்தேன். அதுவரை பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்க்கவில்லை. அது எப்போதும் காலியாகத்தான் இருக்கும், யார் பார்ப்பார்கள். அறிக்கைப் படிவத்திலும் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

அதில் நான்கு இருந்தன. ஆறு பள்ளம், இரண்டிரண்டாக முள். சந்தேகத்துக்கே இடமில்லை.

உட்கார்ந்து யோசித்ததும் புரிந்துவிட்டது. கலக்குகிற கண்ணாடிக் கம்பி ஒன்றுதான். பூவின் குழாயில் முதலில் விட்டிருக்கிறேன். போன் அடித்திருக்கிறது, கம்பியைத் தண்ணீர்க் குழாயடியில் ஒரு காட்டுக் காட்டிவிட்டு மண் குழாயில் விட்டிருக்கிறேன், அதற்குப் பிறகு வெற்றுக் குழாயில். இரண்டாவதில் பதினொன்று, மூன்றாவதில் நான்கு. குறைந்துகொண்டே வருகிறது பாருங்கள், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதினேன்: வெற்று, நான்கு. ஸ்லைடின் மேலும் அதையே எழுதி ஒட்டினேன். தீர்ப்புக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது.

வீட்டில் நானும் அக்காவும்தான். அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள், அவளிடம் எதையும் பூசி மெழுக முடியாது.

“என்னடி, தட்டுல கைய வச்சுக்கிட்டு எங்கயோ பாத்துட்டு இருக்க?” என்றாள். சொன்னேன்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? நாளைக்கே போய்ச் சொல்லிடு. திட்டுவாங்க, வாங்கிக்கோ. வேலையா போயிடப் போகுது?”

“வேலை போகாது. புத்தகம் போயிடும்.”

“உள்ள ஒரு மனுஷன் உக்காந்திருக்கான்டி.”

“உனக்கு இதெல்லாம் புரியாதுக்கா.”

“எனக்கு ஏன் புரியணும்? உனக்குப் புரிஞ்சிருக்குல்ல, அது போதும்” என்று சொல்லிவிட்டுத் தன் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து இந்த ஒன்பது வருடமாக என்னோடு ஒரு மேசையில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டதில்லை. பிடிவாதக்காரி. எங்கள் வீட்டில் எல்லோருக்குமே அது உண்டு.

அவளுக்குப் புரியாததை உங்களுக்குச் சொல்கிறேன், நீங்களாவது புரிந்துகொள்ளுங்கள். ஒரு குழாய் அழுக்கு என்று நானே ஒப்புக்கொண்டால், மீதி அறுநூற்றுப் பதினோரு குழாயும் அழுக்கு என்பார்கள். எனக்கு வேண்டாதவர்கள் எத்தனை பேர் அதற்காகவே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள் தெரியுமா. அதற்கு முன்னால் நான் சாட்சி சொன்ன பதினான்கு வழக்குகளையும் தோண்டுவார்கள், அதில் உண்மையான கொலைகாரர்கள் வெளியே வருவார்கள். இந்தப் பக்கம் ஒரே ஒரு லாரி ஓட்டுநர், அவனையும் ஊரே சந்தேகப்படுகிறது. நான் பொய் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒரு கடிதம்கூட எழுதினேன், நான்கு வரி. படித்துப் பார்த்தபோது யாரோ கைப்பழக்கம் இல்லாத கத்துக்குட்டி எழுதியதுபோல் இருந்தது. கிழித்துவிட்டேன். கடிதத்தைத்தான் கிழித்தேன், ஸ்லைடை உடைக்கவில்லை. அதைக் கவனியுங்கள்.

ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். அடுத்த வருடம் புத்தகம் வந்தது.

ஓட்டுநரின் மனைவி தையல்காரி. தீர்ப்புக்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை இந்த வாசலில் வந்து நிற்பாள். கத்தமாட்டாள், அழமாட்டாள். ஒரே பேச்சைத்தான் பேசுவாள்.

“மேடம், அவருக்குக் கால்ல ஆணி மேடம். பத்தடி நடந்தாலே உக்காந்துருவாரு. அந்த மேட்டுல எப்படி மேடம் ஏறியிருப்பாரு?”

“அதை டாக்டரிடம் சொல்லம்மா.”

“சொன்னேன் மேடம். மேடம் எழுதினதுக்கு மேல நாங்க என்ன எழுதறதுன்னு சொல்லிட்டாரு.”

ஒரு தடவை மைக்ரோஸ்கோப்புக்கு ஒரு துணி உறை தைத்துக் கொண்டுவந்தாள். முந்தைய தடவை வந்தபோது கண்ணாலேயே அளவு எடுத்திருக்கிறாள். “தூசி படாம இருக்கும் மேடம். சுத்தமா இருந்தா உங்களுக்குச் சரியாத் தெரியும்ல” என்றாள். குத்திக் காட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன், அப்படி ஒன்றும் தெரியவில்லை. உங்கள் கைக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த நீல உறைதான். தையல் நேர்த்தியாக இருந்தது, வைத்துக்கொண்டேன். இன்றுவரை ஒரு நூல் பிரியவில்லை.

ஐந்தாவது வருடம் அவள் எப்படியோ மேல் நீதிமன்றத்தை அசைத்துவிட்டாள். முத்திரை போட்டு வைத்திருந்த மீதி மண்ணைத் திரும்பப் பரிசோதிக்கச் சொன்னார்கள். யாரிடம் அனுப்புவார்கள். சூரியகாந்திக் குடும்பத்து மகரந்தம் என்றால் எல்லோரும் என் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும். மண் என்னிடமே வந்தது, கூடவே ஒரு பார்வையாளரும் வந்தார். ஓய்வு பெற்ற ரசாயனப் பேராசிரியர். மனிதர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்க் குழாயில் தண்ணீர்தானா என்று எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு குழாய்க்கும் புதுக் கம்பி போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலையை நான் செய்ததில்லை. வெற்றுக் குழாயின் ஸ்லைடை முதலிலேயே பார்த்தோம், காலி.

மண்ணின் ஸ்லைடை வைத்து எண்ண ஆரம்பித்தேன். நானூறு துகள் எண்ணினேன். புல், சூரியகாந்தி, பார்த்தீனியம், மூன்று ரோடு முனையில் முளைக்கிற களைகள் எல்லாம் இருந்தன. என் பூ ஒன்றுகூட இல்லை. பேராசிரியரையும் பார்க்கச் சொன்னேன். அவர் கண்ணை வைத்துவிட்டு, “எனக்கு எல்லாம் ஒரே முள்ளு உருண்டையாத்தான் தெரியுது மேடம்” என்று சிரித்தார்.

இல்லாததை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது சார். செருப்பில் துகள் இல்லை என்பதால் அவன் அங்கே போகவில்லை என்று ஆகிவிடாது. இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் நீதிமன்றத்துக்கு இது புரியாது. முதலில் பதினொன்று, இப்போது ஒன்றுமில்லை என்றால், அந்தப் பதினொன்று எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். நோட்டைக் கேட்பார்கள். புத்தகம் அப்போது இரண்டாம் பதிப்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

மத்தியானம் பேராசிரியர் சாப்பிடப் போனார். நான்கு நாளாக நாற்காலியை விட்டு அசையாதவருக்கு அன்றைக்குப் பசி. நான் அலமாரியைத் திறந்து சரிவுப் பூ இருக்கிற சீசாவை எடுத்தேன். ஊசி முனையை அதில் ஒரு முறை தொட்டேன். அதே ஊசியால் மண் குழாயிலிருந்து இன்னொரு சொட்டு எடுத்து இரண்டாவது ஸ்லைடு போட்டேன். முதல் தடவை கம்பி பட்டது எனக்குத் தெரியாது. இந்தத் தடவை ஊசி பட்டது தெரியும். கை நடுங்கியதா என்று கேட்டால், இல்லை. நடுங்குகிற கையால் மூடு கண்ணாடியைப் போட்டால் காற்றுக் குமிழி வந்துவிடும்.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்ததும், இரண்டாவது ஸ்லைடையும் பார்த்துவிடலாம் என்றேன். முதலில் அவரையே பார்க்கவிட்டேன். கொஞ்ச நேரம் திருகிக்கொண்டே இருந்தார்.

“மேடம், இங்க வாங்களேன். இது மட்டும் வேற மாதிரி இருக்கே. பள்ளம் பள்ளமா இருக்கு. ஒன்னு, ரெண்டு, ஆறு.”

குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டு, மொத்தம் ஒன்பது என்று எண்ணினார். தானே கண்டுபிடித்தவர் அல்லவா, அதற்குப் பிறகு அவரை யாராலும் அசைக்க முடியாது. அறிக்கையின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள், பாவம், இதய நோயாளி.

மனு தள்ளுபடி ஆனது. எட்டு மாதம் கழித்து ஓட்டுநர் சிறை ஆஸ்பத்திரியில் நுரையீரலில் நீர் கோத்து இறந்துபோனான். செய்தித்தாளில் ஏழாம் பக்கத்தில் வந்தது. அதற்குப் பிறகு தையல்காரி இங்கே வரவில்லை. வருவாள் என்று கொஞ்ச நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏன் என்று எனக்கே தெரியவில்லை. நர்ஸை யார் கொன்றது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கண்டுபிடிக்க வேண்டியவர்களும் தேடுவதை விட்டுவிட்டார்கள், என் பேப்பர்தான் இருக்கிறதே.

மூன்று மாதம் முன்பு ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு வந்தவள் அலமாரியில் இருப்பதையெல்லாம் பட்டியல் போடுகிறேன் என்று ஒவ்வொரு ஸ்லைடாக எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறாள். வெற்று ஸ்லைடையும் விடவில்லை. வெற்று, நான்கு என்று எழுதியிருக்கிறதே என்று நோட்டைப் புரட்டியிருக்கிறாள். கெட்டிக்காரி. உங்களிடம் வந்து சொன்னதற்காக எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. அவள் பார்க்கிற அளவுக்கு எல்லாவற்றையும் அழியாமல் வைத்திருந்தது யார் என்று கேளுங்கள். நான் நினைத்திருந்தால் அந்த ஸ்லைடை ஒரு நிமிடத்தில் உடைத்துக் குப்பையில் போட்டிருக்கலாம். இரண்டாம் பரிசோதனையின் முதல் ஸ்லைடும் அதே தட்டில்தான் இருக்கிறது, அதன் மேல் பூஜ்யம் என்று என் கையால் எழுதியிருக்கிறேன். மோசடிக்காரி யாராவது இப்படி வைத்திருப்பாளா.

வருத்தப்படுகிறீர்களா என்று வந்ததிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். நான்காவது தடவையும் அதே பதில்தான். என்னைக் கொண்டுபோய் எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். நூறு வருடம் கழித்தும் ஒரு காட்டுப் பூவின் துகளைப் பார்த்து இது என்ன என்று கேட்கிறவன் என் புத்தகத்தைத்தான் திறப்பான். அப்போது ஓட்டுநரும் இருக்க மாட்டான், நானும் இருக்க மாட்டேன், நீங்களும் இருக்க மாட்டீர்கள்.

டைப் அடித்ததைக் கொடுங்கள், படித்துப் பார்க்கிறேன். ம். ஊசி விஷயம் நான் சொன்னபடியே இருக்கிறது. தெரிந்தே செய்தேன் என்பதும் இருக்கிறது, சரிதான், அதை எடுக்க வேண்டாம். மூன்றாம் பக்கத்தில் மட்டும் ஒரு பிழை. இரண்டாம் பரிசோதனையில் பதினொரு துகள்கள் என்று அந்த அம்மா அடித்திருக்கிறார்கள். பதினொன்று முதல் தடவை. இரண்டாம் தடவை ஒன்பது. அடித்துவிட்டு ஒன்பது என்று போட்டுக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தப்பான எண் இருக்கிற அறிக்கையில் நான் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை.